ஆறாவது கை

உக்காருங்க மேடம். அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. ஃபேனைப் போடுதேன். மோர் குடிப்பியளா? சரி, கொஞ்ச நேரம் கழிச்சுத் தாரேன்.

நீங்க எதுக்கு வந்திருக்கியன்னு பஞ்சாயத்து ஆபீஸ்லயே சொல்லிட்டாவ. புது ஆராய்ச்சி. உப்பளத்துப் பொம்பளைங்க உடம்பைப் பத்தி. ஊர்க்காரங்களையும் சேத்து ஒரு கமிட்டி, எல்லா முடிவையும் அந்தக் கமிட்டியே எடுக்கும். அதுக்கு என்னை ஒருங்கிணைப்பாளரா வரச் சொல்லிக் கேக்க வந்திருக்கிய. சரிதானே? பைக்குள்ள இருந்து சார்ட் பேப்பர் எட்டிப் பாக்குது பாருங்க.

சிரிக்காதிய, நான் கேலி பண்ணலை. ஆறு வருஷத்துக்கு முந்தி இதே மாதிரி சார்ட் பேப்பரோட வசுமதி டாக்டர் வந்தாவ. இதே வீட்டுல, இதே மாதிரி உக்காந்துதான் பேசினாவ. நான் அப்ப பத்து வருஷம் அளத்துல உப்பு வாரினவ. பன்னிரண்டாம் வகுப்பு பாஸ் பண்ணிட்டு உப்பு வாரினவ இந்த ஊர்ல நான் ஒருத்திதான். அதனால என்னைப் பிடிச்சுப் போட்டாவ. அளத்துக்குப் போக வேண்டாம், நோட்டும் பேனாவும் போதும்னாவ. எனக்கு அது பெரிய காரியம்தான் மேடம், இல்லைன்னு சொல்ல மாட்டேன். அந்த வெள்ளைக்குள்ள காலைல இருந்து மத்தியானம் வரைக்கும் நின்னு பாருங்க, அப்ப தெரியும்.

அந்தக் கமிட்டியைப் பத்தி ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாவ. நீங்களும் எங்கயாவது கேட்டுத்தான் இருப்பிய. நான் உள்ளதை மட்டும் சொல்லுதேன். எல்லாம் எழுத்துல இருக்கு. கூட்டத்துக் கூட்டம் நான் எழுதி, எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கி வச்சிருக்கேன். ஒரு அடித்தல் திருத்தல் இருக்காது.

கமிட்டியில பதினோரு பேர். அளத்துல வேலை பாக்கிற பொம்பளைங்க எட்டுப் பேர். ஊர் நர்ஸ் ஒருத்தர். டாக்டரும் அவியளோட உதவியாளரும். ஆளுக்கு ஒரு ஓட்டு. டாக்டருக்கும் ஒண்ணுதான், உப்பு வாருதவளுக்கும் ஒண்ணுதான். எனக்கு ஓட்டு கிடையாது. ஒருங்கிணைப்பாளர்னா நடுவுல நிக்கணும், எந்தப் பக்கமும் சாயக்கூடாதுன்னு மூணு நாள் பயிற்சி கொடுத்தாவ. நான் ஓட்டுப் போட்டதே இல்லை மேடம். ஒரு தடவை கூட. அதை முதல்ல மனசுல வச்சுக்கிடுங்க.

முதல் கூட்டத்துல நாற்காலியை வட்டமாப் போட்டாவ, யாரும் மேல கீழன்னு இருக்கக் கூடாதுன்னு. இவளுவ என்ன செஞ்சாளுவ தெரியுமா? நாற்காலியை விட்டுட்டு எல்லாரும் தரையில உக்காந்துட்டாளுவ. அப்புறம் டாக்டரும் தரையில உக்காந்தாவ. வட்டமாப் போட்ட நாற்காலியெல்லாம் சும்மா கிடந்துச்சு. அன்னைக்கு நல்லாச் சிரிச்சோம்.

அந்தக் கூட்டத்துலதான் ஞானப்பூ அக்கா எந்திரிச்சா. எனக்குச் சொந்தம் ஒண்ணும் இல்லை, ஆனா கூடப் பிறந்தவ மாதிரி. அளத்துல எனக்குப் பக்கத்துப் பாத்தி அவளுக்கு. நான் முதல் நாள் வேலைக்குப் போய்க் கால் வெந்து அழுதப்ப, சாக்ஸ் மேல பழைய சேலையைக் கிழிச்சுச் சுத்தி விட்டவ அவதான். வாய் திறந்து ரொம்பப் பேச மாட்டா. அன்னைக்குப் பேசினா.

"ஊசி போடுங்க, ரத்தம் எடுங்க, எல்லாம் செய்யுங்க. ஆனா எங்க பேரு எங்க ஊரை விட்டு வெளியே போகக்கூடாது"ன்னா.

அதுக்குக் காரணம் இருக்கு மேடம். முன்னால ஒரு தடவை யாரோ வந்து கணக்கெடுப்புன்னு பேரு, வியாதி எல்லாம் எழுதிட்டுப் போனாவ. அந்தப் பேப்பர் எப்படியோ அளத்து ஆபீசுக்குப் போயிருச்சு. சீக்குக்காரிக்கு வேலை இல்லைன்னு ரெண்டு பேரை நிப்பாட்டிட்டாவ. அந்தப் பயம் எல்லாருக்கும் உண்டு.

டாக்டர் உடனே ஒத்துக்கிட்டாவ. ரத்தக் குழாயில நம்பர் மட்டும் இருக்கும். நம்பர் யாருதுன்னு ஒரு நோட்டுல இருக்கும். அந்த நோட்டு ஊர்லயே இருக்கும், டாக்டர் கூடப் பாக்க முடியாது. அப்ப நோட்டை யார்கிட்ட வைக்கன்னு கேள்வி வந்துச்சு. ஞானப்பூ அக்காதான் சொன்னா, "ரூபா வச்சிருக்கட்டும். படிச்சவ, நம்மள்ல ஒருத்தி"ன்னு. பதினோரு கையும் மேல போச்சு. ஏகமனதாகன்னு நான் எழுதினேன். முதல் தடவையா அந்த வார்த்தையை எழுதினேன்.

அந்த நோட்டு இந்தா, இந்தப் பீரோவுலதான் இருக்கு. இல்லை, எடுக்க மாட்டேன். சும்மா சொன்னேன்.

மே மாசம் ரிசல்ட் வந்துச்சு. எழுபது பேருக்கு ரத்தம் எடுத்ததுல ஒன்பது நம்பருக்குச் சிறுநீரகம் சரியா வேலை செய்யலை. வெயில்ல நிக்கிறது, தண்ணி குடிக்காதது. எப்படிக் குடிப்பாளுவ? அளத்துல ஒதுங்க ஒரு மறைவு உண்டா? காலைல வீட்டுல ஒரு டம்ளர் குடிச்சா, மத்தியானம் வீட்டுக்கு வந்துதான் அடுத்த டம்ளர். டாக்டர் போன்ல ஒன்பது நம்பரையும் வாசிச்சாவ, நான் எழுதிக்கிட்டேன். நம்பர்தான் அவியளுக்குத் தெரியும். பேரு எனக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த ஒன்பதுல ஞானப்பூ அக்கா இருந்தா.

டாக்டர் அவசரக் கூட்டம் போடணும்னாவ. கேள்வி ஒண்ணுதான். அந்த ஒன்பது பேர்கிட்ட இப்பவே சொல்லவா, சீசன் முடிஞ்சு ரெண்டாவது தடவை ரத்தம் எடுத்து உறுதி பண்ணிட்டுச் சொல்லவா? இப்பச் சொல்லணும்னா நர்ஸ் வீடு வீடாப் போகணும், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். அளத்துக் கங்காணி சேர்மத்துரைக்கு அன்னைக்குச் சாயங்காலமே தெரிஞ்சிரும். ஒன்பது பேருக்கும் வேலை போயிரும். இது ஒரு பக்கம். உடம்பு போயிருமே, அது ஒரு பக்கம்.

கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் அக்கா இங்க வந்தா. நீங்க உக்காந்திருக்கிய பாத்தியளா, அந்தப் பக்கம் தரையில உக்காந்தா.

"ஏட்டி ரூபா, நாளைக்கு எந்தப் பக்கம் கை தூக்க?"

"நான் சொல்லக்கூடாதுக்கா. உன் மனசுக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்யி."

"யார் யாருன்னு உனக்குத் தெரியும்லா?"

"தெரியும்."

"எனக்குத் தெரிஞ்சவளா?"

"எல்லாரும் தெரிஞ்சவங்கதானேக்கா."

முந்தியால முகத்தைத் துடைச்சா. அப்புறம், "பாவம்ட்டி, யாரு பெத்த பிள்ளையளோ. நடு சீசன்ல வேலை போச்சுன்னா அடுப்பு எரியாது. அந்தப் பாவம் நமக்கு எதுக்கு? மூணு மாசம்தானே"ன்னா. முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சா. வாசல் வரைக்கும் போனவ திரும்பி என்னைப் பாத்தா. நான் நோட்டுக்கு அட்டை போட்டுக்கிட்டு இருந்தேன்.

நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்க? சொன்னா ரகசியத்தை உடைச்சதா ஆகும். அவ ஓட்டை நான் மாத்தினதா ஆகும். மூணு நாள் பயிற்சியில அதைத்தானே படிச்சுப் படிச்சுச் சொன்னாவ, அவங்க முடிவு அவங்க கையில இருக்கணும், நீங்க தொடக்கூடாதுன்னு. நான் தொடலை.

மறுநாள் கூட்டம். டாக்டர் பேசினாவ. சொல்லிரணும், தாமதிக்கக் கூடாதுன்னு ரொம்ப நேரம் பேசினாவ. உதவியாளரும் நர்சும் அதே பக்கம். நம்ம பொம்பளைங்கள்ல ரெண்டு பேரும் அதே பக்கம். கேட்டதும் அஞ்சு கை மேல போச்சு. எழுதிக்கிட்டேன். அடுத்து, சீசன் முடியட்டும்னு நினைக்கிறவங்க கை தூக்குங்கன்னேன். அஞ்சு கை சட்டுனு போச்சு. ஞானப்பூ அக்கா கை மடியிலயே இருந்துச்சு.

எல்லாரும் அவளைப் பாத்தாவ. அவ என்னைப் பாத்தா. நான் பேனாவைப் பாத்தேன்.

மெதுவாத் தூக்கினா மேடம். வெந்து வெந்து தோல் வெளுத்துப்போன கை. ஆறுன்னு எழுதினேன். எழுதி முடிச்ச பிறகும் அவ இறக்கலை. "இறக்குக்கா, எண்ணிட்டேன்"ன்னேன். எல்லாரும் சிரிச்சாளுவ. அவளும் சிரிச்சா.

கூட்டம் முடிஞ்சு டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டாவ. முகமெல்லாம் வெளிறிப் போயிருந்துச்சு. "ரூபா, நான் இந்த முடிவை மீறினா இத்தனை நாள் நாம பேசினதெல்லாம் பொய்யாயிடும். ஆனா மனசு கேக்கலை. நீங்க என்ன நினைக்கிறீங்க?"ன்னு கேட்டாவ. கமிட்டி முடிவுதான் மேடம் முடிவுன்னேன். வேற என்ன சொல்ல? டாக்டர் நினைச்சிருந்தா தடுத்திருக்கலாம். படிப்பு இருக்கு, பதவி இருக்கு. அவியளே சும்மா இருந்துட்டாவ. அதை யாரும் கேக்கிறதில்லை. எல்லாரும் ரூபா ரூபான்னுதான் பேசுதாவ.

பொதுவா எல்லாரும் தண்ணி நிறையக் குடிங்கன்னு ஒரு நோட்டீஸ் அடிச்சுக் கொடுத்தோம். அதுவும் தீர்மானத்துல இருக்கு. ஒண்ணுமே செய்யலைன்னு சொல்லக்கூடாது.

ஜூலையில அக்காவுக்குக் கால் வீங்கிச்சு. உப்புத் தண்ணியில நின்னா வீங்கத்தான் செய்யும்னு அவளே சொன்னா. ஆகஸ்ட் முதல் வாரம் பாத்தியிலயே விழுந்துட்டா. கையில உப்பு வாருத பலகையோட விழுந்தா. தூக்கின பொம்பளைங்க சொன்னாளுவ, முகத்துல, கண் இமையில எல்லாம் உப்பு ஒட்டியிருந்துச்சாம். பெரிய ஆஸ்பத்திரியில ரெண்டு சிறுநீரகமும் போச்சுன்னுட்டாவ. வாரத்துக்கு ரெண்டு தடவை ரத்தம் சுத்தம் பண்ணினாவ. மூணு மாசம் முன்னால வந்திருக்கக் கூடாதான்னு அங்க ஒரு டாக்டர் கேட்டாராம். அவ மக பெனிலாகிட்ட கேட்டிருக்காரு. அது வந்து என்கிட்ட சொல்லி அழுதுச்சு. நானும் அழுதேன். பொய்யா அழலை மேடம். நிஜமாத்தான் அழுதேன்.

ஆஸ்பத்திரியில போய்ப் பாத்தப்ப அக்கா என்கிட்ட என்ன கேட்டா தெரியுமா? "அந்த ஒன்பது பேருக்கும் ஒண்ணும் ஆகலைலா?"ன்னு கேட்டா. ஆகலைக்கான்னேன். "நல்லவேளை"ன்னா. கண்ணை மூடிக்கிட்டா.

கார்த்திகை மாசம் போய்ச் சேந்துட்டா. கமிட்டியில இரங்கல் தீர்மானம் போட்டோம். ஏகமனதாகன்னு எழுதினேன்.

மத்தவங்களா? செப்டம்பர்ல எல்லாருக்கும் சொல்லியாச்சு. ஏழு பேருக்கும் மாத்திரை மருந்து கொடுத்து நல்லாத்தான் இருக்காளுவ. ஒருத்திக்கும் வேலை போகலை. அப்பப் பாத்தா கமிட்டி முடிவு தப்புன்னு எப்படிச் சொல்ல முடியும்? ஏழு பேரு சோறு திங்காளுவல்லா?

என்ன பாக்கிய? ஒன்பதுல ஒண்ணு போனா எட்டுன்னு பாக்கியளா? கணக்குல கெட்டிக்காரிதான் நீங்க.

எட்டாவது நான்.

ஆமா மேடம். நானும் ரத்தம் கொடுத்தேன்லா, பத்து வருஷம் அளத்துல நின்னவதானே. டாக்டர் நம்பர் வாசிச்சப்ப நாலாவதா என் நம்பர் வந்துச்சு. ஏழாவதா அக்கா நம்பர். நான் மறு வாரமே திருநெல்வேலியில ஒரு டாக்டர்கிட்ட போயிட்டேன். அது என் உடம்பு, நான் பாத்துக்கிட்டேன், அதுல என்ன தப்பு? யாரோட ரகசியத்தையும் நான் வெளியே சொல்லலையே. தண்ணி நிறையக் குடிங்க, ஆறு மாசத்துல சரியாயிரும், சீக்கிரம் வந்தது நல்லதுன்னாரு. சரியாயிருச்சு. பாருங்க, நல்லாத்தானே இருக்கேன்.

ஒருநாள் அக்காவைப் பாக்க அளத்துக்குப் போனேன். அப்ப அவ கால் வீங்கலை. என் கையில பாட்டிலைப் பாத்துட்டு, "என்னட்டி, புதுசா தண்ணி பாட்டிலும் கையுமா அலையுத?"ன்னா. வெயில் ஜாஸ்திக்கான்னேன். "எனக்கு ஒரு வாய் கொடு"ன்னா. கொடுத்தேன். ஒரே ஒரு வாய் குடிச்சா, அண்ணாந்து, உதட்டுல படாம. மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்துட்டா, நடுவுல ஒதுங்க இடமில்லைன்னு. நான், இன்னும் கொஞ்சம் குடி அக்கான்னு சொல்லியிருக்கலாம். சொன்னேன்னுதான் நினைக்கேன். சொன்னேனா இல்லையான்னு இப்ப நிச்சயமாச் சொல்ல வரமாட்டேங்குது.

அதுக்கப்புறம் எனக்கு ஒரு சீக்கு வந்திருக்கு மேடம். எந்த டாக்டராலும் தீக்க முடியாத சீக்கு. யாரு எங்க கையைத் தூக்கினாலும் எண்ணுதேன். பஸ்சை நிறுத்தக் கை தூக்குதாவ, எண்ணுதேன். கோயில்ல கும்பிடக் கை தூக்குதாவ, எண்ணுதேன். பள்ளிக்கூடத்துப் பக்கம் போறதையே விட்டுட்டேன், அங்க பிள்ளைங்க எப்பப் பாத்தாலும் கையைத் தூக்கிக்கிட்டே இருக்கும். ஒவ்வொரு தடவையும் ஒரு கை கூடுதலா வருது. தலையை எண்ணுதேன், சரியா இருக்கு. கையை எண்ணுதேன், ஒண்ணு கூடுது.

பட்டப்பகல்லதான் அக்கா வாரா. பன்னிரண்டு மணி வெயில்ல அளத்துப் பக்கம் பாத்தா, அம்பாரமாக் குவிச்ச உப்புக்கு முன்னால நிக்கா. கூப்பிடலை. கையை ஆட்டலை. தூக்கின கையோட சும்மா நிக்கா. நான் எண்ணிட்டேன்க்கா, இறக்குக்கான்னு சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன். அவ இறக்க மாட்டேங்குதா. என் வீட்டுக்காரரு, கண்ணு கூசுதுட்டி, கறுப்புக் கண்ணாடி போடுன்னு வாங்கித் தந்தாரு. கண்ணாடி போட்டா அவ இன்னும் தெளிவாத் தெரியுதா.

அந்த ஜன்னலை அதான் சாத்தியே வச்சிருக்கேன். திறக்காதிய.

நான் பயப்படுதேன் மேடம். தப்புச் செஞ்சவதான் பயப்படணும்னு எல்லாரும் சொல்லுவாவ. நான் ஒரு தப்பும் செய்யலை. எல்லாம் எழுத்துல இருக்கு. ஓட்டுக்கூடப் போடலை. அப்படி இருந்தும் பயமா இருக்கு.

இப்ப பெனிலா விஷயத்துக்கு வாரேன். அம்மா விழுந்த வருஷம் அது காலேஜ்ல முதல் வருஷம். படிப்பு நின்னுபோச்சு. இப்ப அம்மா வேலை பாத்த அதே அளத்துல, அதே பாத்தியில உப்பு வாருது. நீங்க அதைப் பாத்திருக்கிய. உங்க புதுக் கமிட்டிக்குப் பேரு கொடுத்திருக்கு. நேத்து ஓடி வந்து சொல்லிச்சு. "சித்தி, நீங்க நோட்டை வச்சுக்கிட்டாத்தான் நான் வருவேன்னு அந்த மேடம்கிட்ட சொல்லிட்டேன். அம்மா உங்களைத்தான் நம்பினாவ. எனக்கும் நீங்கதான்"னு.

அதுவும் தலை சுத்துது, கால் கனக்குதுன்னு ஒரு மாசமாச் சொல்லுது. இருபத்து நாலு வயசு மேடம்.

இந்த ஆறு வருஷத்துல ஒருநாள் கூட என்கிட்ட கேட்டதில்லை, அம்மா பேரு அந்த நோட்டுல இருந்துச்சான்னு. கேட்டா சொல்லிரலாம். கேக்காம நானா எப்படிப் போய்ச் சொல்ல? இருந்துச்சு, எனக்கு மட்டும்தான் தெரியும், உன் அம்மா தன் தலைக்குத் தானே கை தூக்கினா, நான் பாத்துக்கிட்டு இருந்தேன்னு எப்படிச் சொல்ல? சொன்னா அது என்னை மறுபடி சித்தின்னு கூப்பிடாது. கமிட்டிக்கும் வராது, ரத்தமும் கொடுக்காது. சொல்லாட்டா அதோட பேரும் என் நோட்டுக்குள்ள வரும்.

பன்னிரண்டு மணிக்கு வேலை விடும். உங்களை இங்க பாக்க அதை வரச் சொல்லியிருக்கேன், கையெழுத்துப் போட. இப்ப மணி என்ன? பன்னிரண்டே காலா?

நீங்க வெளியாளு, விவரம் தெரிஞ்சவங்க. யாருக்கும் வேண்டியவங்களும் இல்லை, வேண்டாதவங்களும் இல்லை. நீங்களே முடிவு பண்ணுங்க. அதுகிட்ட சொல்லவா, வேண்டாமா? நான் எந்தப் பக்கமும் பேச மாட்டேன். நீங்க சொல்லுன்னா சொல்லுதேன், வேண்டாம்னா விட்டுருதேன். உங்க முடிவுதான்.

எதையாவது சொல்லுங்க மேடம், சீக்கிரம். வாசல்ல பெனிலா செருப்பைக் கழட்டுது.